மூன்றாம் கட்டுக் கிணறு

சென்னையில் ஒரு பழைய வீடு இடிபடும்போது முதலில் விலைபோவது அதன் மரம். தேக்கு உத்திரங்கள், தூண்கள், நிலைகள், சன்னல்கள் ஆகியவற்றை இடிப்பு ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்தத் தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்த பிறகுதான் ஆட்களை உள்ளே அனுப்புகிறார். இரும்பும் ஓடும் முழுச் செங்கல்லும் தனித்தனியே பிரிந்து போனபின் மிஞ்சும் சுண்ணாம்புத் தூளும் உடைசலும் லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போகின்றன. அதற்குப் பிறகு இருப்பது வெறும் மனை. புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் எடுக்க ஜேசிபி வரும்வரை சில நாட்கள் அது திறந்து கிடக்கும். யாரும் விலை வைக்காத அந்தச் சில நாட்களில், சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு மனையை நாங்கள் பதிவு செய்த விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

அது மூன்று கட்டு வீடு. தெருவை ஒட்டித் திண்ணையும் ரேழியும், அவற்றைத் தாண்டினால் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நின்ற கூடம், இரண்டாம் கட்டில் சமையலறையும் சாமான் அறையும், கடைசியில் துவைகல்லும் மாட்டுக்கொட்டகையும் இருந்த கொல்லை என்று, அகலம் குறைந்து நீளம் மிகுந்த பேட்டை மனைகளுக்கு உரிய அமைப்பில் அது இருந்தது. உரிமையாளர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள், பங்குகள் பல, அவர்களில் ஒருவரும் அங்கே வசிக்கவில்லை. இடித்ததற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய வீட்டைக் காப்பாற்றுங்கள் என்று தெருவில் நின்றுகொண்டு சொல்வது எளிது. ஐப்பசி மழையில் உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அதன் கீழே பாய் விரித்துப் படுப்பவருக்குத்தான் அதன் சிரமம் தெரியும். இடிக்கும்போதும் தோண்டும்போதும் உடனிருந்து பார்க்கவும், அளக்கவும், படமெடுக்கவும் அனுமதி வேண்டும் என்பது மட்டுமே அவர்களிடம் நாங்கள் வைத்த வேண்டுகோள். அதை அவர்கள் தயங்காமல் கொடுத்தார்கள்.

நாங்கள் என்று சொல்வது ஒரு சிறிய கூட்டத்தை. ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர், தொல்லியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இவர்களோடு இடிப்பு வேலைக்கு வந்து எங்களுடனேயே ஒட்டிக்கொண்ட முதிய மேஸ்திரி ஒருவர். சுவரைக் கையால் தடவிப் பார்த்தே அதன் வயதைப் பற்றிப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால், எங்களில் அதிகம் கற்றவர் யார் என்ற கேள்விக்கு விடை முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டை தானாக வளர்ந்த ஊர் அல்ல. 1734ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி ஏற்றுமதிக்காகத் திட்டமிட்டுக் குடியேற்றிய பேட்டை இது. கூவம் வளைந்தோடும் இந்த நிலம் அதற்கு முன் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்தது. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர், கோயிலைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோருக்கே இங்கே மனை என்பது தொடக்ககால ஏற்பாடு. ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் என்று அருகருகே நிற்கும் இரட்டைக் கோயில்களும் அந்தக் குடியேற்றத்தை ஒட்டி எழுந்தவைதான். எனவே இப்பேட்டையில் ஒரு பழைய மனை திறக்கிறது என்றால், தறி இருந்ததா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் முதலில் எழும். எங்கள் மனத்திலும் எழுந்தது. உரிமையாளர் குடும்பத்தில் அந்த வீடு பேட்டையோடு பிறந்தது என்றொரு நம்பிக்கையும் தலைமுறைகளாக இருந்துவந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அகழாய்வு செய்யவில்லை. முறையான அகழாய்வு என்பது இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் பெற்று, மாநிலத் துறையோ பல்கலைக்கழகமோ செய்ய வேண்டிய பணி. ஆர்வம் இருக்கிறது என்பதற்காக மண்வெட்டியோடு இறங்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, மண்ணடுக்கைக் கலைத்துச் சான்றையும் அழித்துவிடும். கட்டுமானத்துக்காக எப்படியும் தோண்டப்படும் குழியில், தோண்டுபவர் இளைப்பாறும் நேரத்தில் இறங்கி, குழியின் சுவர்களில் தெரிவதைப் பதிவு செய்வதே நாங்கள் வகுத்துக்கொண்ட எல்லை. சென்னைக்கு இது புதிய வழக்கமும் அல்ல. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த கற்கோடரியைக் கண்டெடுத்தது, வேறு யாரோ சரளைக்காக வெட்டிய குழியிலிருந்து வெளியே கொட்டிய மண்ணில்தான். தோண்டியவர்களுக்கு அது சரளை. நிலவியலாளரான அவர் நின்று குனிந்து பார்த்தார்.

குழிக்கு முன் காகிதம். உரிமையாளர்கள் பாதுகாத்து வைத்திருந்த தாய்ப்பத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பழைய பத்திரங்களின் எல்லை விவரத்தை நான் எப்போதும் கதை படிப்பதைப் போலப் படிப்பேன். நான்கு திசையிலும் யார் இருந்தார், சந்து யாருக்குப் பொது, சுவர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தெருவே அதற்குள் குடியிருக்கும். இந்தப் பத்திரத்தில் எங்கள் கண்ணில் பட்டது ஒரு தொடர்: மேற்கண்ட மனையில் உள்ள கிணற்றில் சரிபாதி பாத்தியம். அப்படியானால் மறுபாதி பக்கத்து வீட்டுக்கு. கிணறு இரு மனைகளின் எல்லைக்கோட்டின் மேல் இருந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்த கொல்லையில் கிணறு என்று எதுவும் இல்லை; மாட்டுக்கொட்டகையைத் தவிர, சிமெண்டுத் தரையும் ஒரு துணி துவைக்கும் கல்லும் மட்டுமே இருந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் நகர வரைபடங்களில் தெருவின் போக்கும் மனைகளின் நீளமும் விளங்கின. வீட்டுக்குள் இருப்பதை அவை காட்டுவதில்லை.

இடிப்பும் ஒரு வகையில் ஆய்வுதான். மேலிருந்து கீழே வரும் ஆய்வு. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களுக்கு மேல், ஓர் அங்குலத் தடிமனே உள்ள சிறு செங்கற்களைச் சுவருக்குச் சாய்கோணமாக, குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பதப்படுத்தி, கடைசியில் தட்டோடு பாவும் முறை அது. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. உத்திரத்தின் நுனி சுவருக்குள் புகும் இடத்தில் ஈரம் இறங்கிச் செல்லரிப்பதே அதன் பலவீனம். இந்த வீட்டிலும் அங்கேதான் விட்டுப்போயிருந்தது. இடைப்பட்ட பகுதி கடப்பாரைக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை.

முன்கட்டுச் சுவர் ஒன்றில் சாந்தைச் சுரண்டிப் பார்த்த பொறியாளர் மணல் சற்று வெண்மையாக இருக்கிறது என்றார். மேஸ்திரி அதை விரலில் நசுக்கிவிட்டு, "சார், இது மணல் இல்ல, கிளிஞ்சல். முழுசா வேகாத கிளிஞ்சல்" என்றார். சுட்ட சிப்பியிலிருந்து எடுக்கும் சுண்ணாம்பில் சில துணுக்குகள் இப்படித் தப்பிவிடும். பளிங்கைப் போல மின்னும் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு இந்தக் கடற்கரைக் கிளிஞ்சலில் பிறந்ததுதான்.

அடுத்து, செங்கல்லை அளந்தோம். முன்கட்டின் சுவர்களில் இருந்தவை தடித்தவை. மூன்றாம் கட்டில், மாட்டுக்கொட்டகையின் பின்சுவரிலும் கொல்லை மதிலின் அடிப்பகுதியிலும் இருந்தவை மெல்லியவை, ஓரங்கள் சீரற்றவை. எந்த வீட்டிலும் முகப்புக்குத்தான் பணம் செலவாகும். கல்யாணத்துக்கு முன் திண்ணையை இடித்துக் கட்டுவார்கள், கூடத்துத் தூணை மாற்றுவார்கள், வாசலுக்குப் புது நிலை வைப்பார்கள்; கொல்லைச் சுவரை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே ஒரு வீட்டின் மிகப் பழைய பகுதி அதன் முதுகுப்புறத்தில் கிடப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாரம்பரிய நடைப்பயணங்களில் திண்ணைக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு கலைந்துவிடும் நமக்கு இது உறைப்பதில்லை. நானும் 2004 முதல் கொண்டாடப்படும் மெட்ராஸ் தினத்தை ஒட்டிய நடைகளில் விருப்பத்தோடு கலந்துகொள்பவன்தான்; எந்த நடையிலும் யாரும் எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனதாக நினைவில்லை.

தரை திறந்தபோது முதலில் கிடைத்தது ஒரு ஏமாற்றம், அதை அடுத்து ஒரு சபலம். கூடத்தின் சிவப்பு ஆக்சைடு தரைக்கு அடியில் ஒரு சுண்ணாம்புத் தரை, அதற்கும் கீழே மற்றொரு சுண்ணாம்புத் தரை, அதன் அடியில் ஆற்று மணல். இரண்டாம் கட்டில் இதே கீழ்த்தரைக்கு அடியில், மணலோடு ஒட்டியபடி, ஒரு செம்புக் காசு இருந்தது. பச்சை படிந்திருந்தாலும் ஒருபுறம் கம்பெனியின் சின்னமும் 1803 என்ற ஆண்டும், மறுபுறம் பாரசீக எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. சென்னை மாகாணத்துக்கென இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச்சாலையில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பப்பட்ட பத்துக் காசு அது. (இதே வகைக் காசுகளை 1808ஆம் ஆண்டு முத்திரையோடு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், புறப்பட்ட சூட்டிலேயே 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிவிட்டது. சென்னைக்கு வந்து சேராத அந்தக் காசுகள் இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.)

ஒரு தரையின் அடியில் சிக்கிய பொருள்களில் எது கடைசியாக உருவானதோ, அதற்குப் பிறகே அந்தத் தரை போடப்பட்டிருக்க முடியும். தொல்லியலின் பாலபாடம் இது. காசு 1803 என்றால், அந்தத் தரை 1803க்கு முந்தியதாக இருக்க முடியாது. காசு பல ஆண்டுகள் கைமாறிய பின்னும் விழுந்திருக்கலாம் என்பதால் எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது. ஆக, வீடு பேட்டையோடு பிறந்தது என்ற குடும்ப நம்பிக்கைக்கு இந்தத் தரை இடம் தரவில்லை. உரிமையாளர்களில் மூத்தவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சற்று வருத்தம்தான். கீழே மணலில் இன்னும் பழையது இருக்காதா என்று கேட்டார். கடைக்காலுக்குத் தேவையான ஆழத்துக்கு மேல் தோண்டக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி.

சபலம் முன்கட்டில் இருந்தது. ரேழியை அடுத்த அறையில், மேல் சுண்ணாம்புத் தரையை உடைத்தபோது, ஒரு மனிதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடக்கூடிய அளவில் ஒரு நீள்சதுரக் குழி, செங்கல் உடைசலால் நிரம்பிக் கிடந்தது. தறிக்குழி என்று அங்கிருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். குழித்தறியில் நெய்பவர் அப்படித்தான் உட்காருவார். மிதிபலகை குழிக்குள் இருக்கும். நெசவாளர் பேட்டை, முன்னறை, பொருத்தமான அளவு, வேறென்ன வேண்டும்? ஆனால் மாணவி வரைபடத்தில் அதைத் தறிக்குழி என்று எழுத மறுத்துவிட்டார். தறியின் கால்கள் ஊன்றிய குழிகள் சுற்றிலும் இல்லை. பாவு நூல் நீளும் திசையில் சுவர் குறுக்கிட்டது. குழியின் உள்ளே சுண்ணாம்பு பூசி வழவழப்பாக்கியிருந்ததால் தானியமோ பாத்திரமோ வைக்கும் நிலவறையாகவும் அது இருந்திருக்கலாம். உள்ளே கொட்டப்பட்ட உடைசலில் மங்களூர் ஓட்டின் துண்டுகள் இருந்தன. மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். எனவே குழி மூடப்பட்டது அதற்குப் பின். எங்கள் பதிவில் அது இன்றும் முன்னறையின் நீள்சதுரக் குழி என்ற பெயரிலேயே இருக்கிறது. ஊர்ப்பெருமைக்கு ஏற்றபடி சான்றை வளைத்துவிட்டால், பிறகு வரும் ஆய்வாளர் எங்கள் பதிவின் மற்றப் பக்கங்களையும் நம்பமாட்டார். மாணவி செய்தது சரி என்பதே என் கருத்து.

முற்றத்து வடிகாலில் இரண்டு விரற்கடைத் தடிமனுக்குச் சாம்பல் நிற வண்டல் இறுகிக் கிடந்தது. கூடத்தின் ஓரங்களிலும், சிவப்புத் தரைக்கும் மேல் சுண்ணாம்புத் தரைக்கும் இடையில், அதே வண்டல் மெலிந்த படலமாகத் தெரிந்தது. உரிமையாளர்களின் அத்தை ஒருவர் மிகுந்த முதுமையிலும் தெளிவாகப் பேசக்கூடியவர். 1943 அக்டோபரில் கூவம் பெருகியபோது தண்ணீர் தெருவிலிருந்து வராமல் வடிகால் வழியாகப் பின்னோக்கி முற்றத்துக்குள் ஏறியது என்றும், நெல் மூட்டைகளை மச்சுக்கு ஏற்றிவிட்டுக் குழந்தைகளை அங்கேயே படுக்க வைத்தார்கள் என்றும், அந்த ஆண்டு தை பிறந்த பிறகு கூடத்துக்குப் புதிய தரை போட்டார்கள் என்றும் அவர் சொன்னார். வண்டல் படலத்துக்கு மேல் சிவப்புத் தரை என்ற வரிசையும் அவர் சொன்ன வரிசையும் அப்படியே பொருந்தின. வீட்டுக் காகிதங்களில் எங்கும் எழுதப்படாத ஒரு வெள்ளம், மண்ணிலும் ஒரு பெரியவரின் நினைவிலும் ஒரே மாதிரி பதிவாகியிருந்ததைக் கண்ட அன்று, பதிவேட்டில் அவர் சொன்னதையும் சொல்லுக்குச் சொல் எழுதிச் சேர்த்தோம்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடுப்படியில் சாம்பலேறிய மண், உடைந்த கல்சட்டி, மண்சட்டி ஓடுகள். தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தூணுக்கு அடிக்கல்லாக வைத்திருந்த தேய்ந்த ஆட்டுக்கல்லை மட்டும் குறிப்பிட வேண்டும்.

கிணறு, பத்திரம் சொன்ன இடத்திலேயே இருந்தது. துவைகல்லைப் பெயர்த்துச் சிமெண்டுத் தரையை உடைத்ததும் கருங்கல் பலகை ஒன்று. அதன் கீழே வட்டம். எல்லை மதில் கிணற்றின் நடுவே ஒரு செங்கல் வளைவின் மேல் ஏறி அந்தப் பக்கம் போயிருந்தது. இந்த வீட்டுப் பெண்களும் அந்த வீட்டுப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே கிணற்றில், ஆளுக்கொரு ராட்டினத்தில் நீர் இறைத்திருக்கிறார்கள்; பேச்சுக்கு மதில் தடையாக இருந்திருக்காது. மேல்பகுதி செங்கல் கட்டு. அதற்குக் கீழே சுடுமண் வளையங்களான உறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. நில மட்டம் காலப்போக்கில் உயர உயர, உறைகிணற்றின் மேல் செங்கல் கட்டி உயர்த்தியிருக்கிறார்கள் என்பது பொறியாளரின் கணிப்பு. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் இதே உறைகிணற்று முறையைக் காண்கிறோம். மணற்பாங்கான நிலத்தில் கரை சரியாமல் கிணறு இறக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அது வழக்கொழியவில்லை. உறையை வைத்து மட்டும் ஒரு கிணற்றுக்கு வயது சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான்.

கட்டுமானக்காரருக்குக் கிணற்றைத் தூர்வாரியே ஆக வேண்டும். நிரப்புமண் மேல் கட்டடம் நிற்காது. மேலிருந்து கீழே அவருடைய ஆட்கள் எடுக்க எடுக்க, அடுக்கு மாறும் இடங்களில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தோம். மேலே கான்கிரீட் உடைசல், டியூப்லைட் கண்ணாடி, பிளாஸ்டிக். அதன் கீழே கோலி சோடா பாட்டில்கள், மருந்துக் குப்பிகள், எனாமல் தட்டு, நீலப்பூ வேலைப்பாடுள்ள சீமைப் பீங்கான் துண்டுகள். கோலி அடைத்த பாட்டிலுக்கு ஹைரம் காட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1872இல். செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாய் நீர் வரத் தொடங்கியதும் அதே 1872இல் என்பது தற்செயல்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு கிணற்றின் கதையைச் சொல்கின்றன. கீழ்ப்பாக்கத்தில் நீரேற்று நிலையம் 1914இல் இயங்கத் தொடங்கிக் குழாய்கள் தெருத்தெருவாகப் பரவிய பிறகு, குடிநீருக்குக் கிணறு என்ற நிலை மாறி, பின்னர் துவைக்கவும் மாட்டுக்கும் மட்டும் என்றாகி, கடைசியில் குப்பைக்கு என்றானது. பெரும்பாலான பேட்டைக் கிணறுகள் அப்படித்தான் நிறைந்தன.

குப்பை முடிந்து கரிய சேறு தொடங்கிய இடத்தில்தான் எனக்கு உண்மையான வியப்பு. அதற்கு மேலே இருந்தவை வேண்டாமென்று எறியப்பட்டவை. அதற்குக் கீழே இருந்தவை வேண்டியிருந்தும் கைநழுவி விழுந்தவை. நசுங்கிய பித்தளைச் செம்பு, தோண்டியின் கழுத்து, இரும்பு ராட்டினம், வாளிக் கைப்பிடிகள், கண்ணாடி வளையல் துண்டுகள். இவற்றோடு ஒரு பாதாளக்கரண்டியும். கிணற்றில் விழுந்ததை எடுக்க இறக்கிய கொக்கி, கயிறு அறுந்து, தான் எடுக்கப்போன பொருள்களோடேயே தங்கிவிட்டது. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி நீண்ட நேரம் சிரித்தார். தெருவில் பாதாளக்கரண்டி வைத்திருந்த வீட்டில் அதை இரவல் கேட்டு வருபவர் ஒரு சொம்பையோ சொளகையோ பிணையாக வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை அவர் சொல்லித்தான் அறிந்தேன். இது யாருடைய பாதாளக்கரண்டியோ, பிணைப்பொருள் திரும்பியிருக்காது.

இவ்வளவையும் பார்த்தபின், நம் பாதுகாப்பு ஏற்பாடுகள் எங்கே நிற்கின்றன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதற்கு எதிரான வழக்கில் 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புதான் இந்நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு முதல் வலுவான காப்பாக அமைந்தது. அதை அடுத்து 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. இவை கட்டடங்களைப் பார்க்கின்றன. அதுவும் பெரிய கட்டடங்களை. வீடுகளில் காக்கப்படுபவை, பெயர்பெற்ற ஒருவர் வாழ்ந்தவையாக இருக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் பாரதியார் வாடகைக்குக் குடியிருந்து 1921இல் மறைந்த வீடு நினைவில்லமாக நிற்பதைப் போல. அது நிற்க வேண்டியதே. ஆனால் பெயரற்ற நெசவாளரும் தரகரும் கணக்கரும் வாழ்ந்த வீட்டுக்கு அந்த வழி இல்லை.

கட்டடம் போனாலும் மனை பேசும் என்பதற்கு இந்நாட்டில் சான்றுகள் இல்லாமல் இல்லை. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது அரண்மனையின் அடித்தளம் மண்ணுக்குள் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சோழர் அரண்மனையை நாம் அறிவது செங்கல் அடித்தளங்களின் வழியாகவே. சென்னையிலேயே, பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பின் கோட்டையின் பீரங்கிகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்பதற்காகப் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் முழுவதும் 1750களில் இடித்து அகற்றப்பட்டது. அந்த வெளியின் மேல்தான் 1892 முதல் உயர்நீதிமன்றம் நிற்கிறது. மதராசின் முதல் வணிகர்களும் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் நெசவாளரும் குடியிருந்த தெருக்களின் கடைக்கால்களும் கிணறுகளும் வழக்கறிஞர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே எங்காவது இருக்கும். அங்கே எப்போது குழி வெட்டினாலும் உடன் ஒரு தொல்லியலாளர் நிற்க வேண்டும் என்பதை விதியாக்கினால் செலவு அதிகம் ஆகாது.

எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். தூர்வாரியபின் கொட்டி மூடிவிடுவது கட்டுமானக்காரரின் திட்டம். அவரோடு வாதிட்டு வென்றோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. அவருக்கு ஆதாயமான ஒரு வழியைப் பொறியாளர் காட்டினார், அவ்வளவுதான். கிணறு எல்லைக்கோட்டில் இருந்ததால், விதிப்படி எப்படியும் காலியாக விட வேண்டிய பக்கவாட்டுத் திறந்தவெளியில் அதன் பாதி விழுந்தது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். புதிதாக ஒரு நீரூட்டுக் கிணறு வெட்டுவதற்குப் பதில், இருக்கும் கிணற்றையே மொட்டைமாடி நீரை இறக்கப் பயன்படுத்தினால் அவருக்குச் செலவு மிச்சம். ஒரு தூணின் அடித்தளத்தை மட்டும் சற்று உள்ளே நகர்த்த வேண்டியிருந்தது. வடிவமைப்புப் பொறியாளர் முணுமுணுப்போடு வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார். மறுபாதிக்கு உரிமையான பக்கத்து வீட்டு அம்மா, தங்கள் பக்கத்துப் பலகையையும் திறந்து தூர்வாரித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

பழுதுபார்ப்பில் ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்: சிமெண்டுப் பூச்சு கூடாது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் உப்புப் பூத்துப் பொடியும். எனவே செங்கல் கட்டின் இணைப்புகளை மேஸ்திரி சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்பினார், உறைகளைத் தொடவில்லை. மாடியிலிருந்து வரும் குழாய் முதலில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியில் இறங்கி, பிறகு கிணற்றுக்குள் விழுகிறது. மேலே கான்கிரீட் மூடி, ஆள் இறங்கும் திறப்போடு. அந்தத் திறப்பைத் தூக்கினால் உறைகளை இன்றும் பார்க்கலாம். அதற்கு மேல் வேடிக்கை ஒன்றும் இல்லை. முன்னறையின் குழியும் தரைகளும் முற்றத்து வடிகாலும் புதிய கட்டடத்தின் கடைக்காலோடு போய்விட்டன. அவற்றில் மிஞ்சியவை அளவுகளும் படங்களும் மட்டுமே.

பொருள்களைப் பொறுத்தவரை, மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்பதே அதன் வரம்பு. ஒற்றைச் செம்புக் காசுதானே என்று சிலர் சிரித்தார்கள். உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைத் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பல இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் அங்கே வந்து சேர்ந்தவை. செம்பும் ராட்டினமும் பாதாளக்கரண்டியும் உரிமையாளர்களிடம் இருக்கின்றன; புதுக் கட்டடத்தின் நுழைவுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழையில் வைப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். பானை ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் அடுக்குவாரியாகப் பையிட்டு எழுதி, மாணவி தன் துறையில் ஒப்படைத்தார். வரைபடங்கள், படங்கள், பத்திரத்தின் எல்லை விவரம், அத்தை சொன்னவை எல்லாம் அடங்கிய கோப்பின் ஒரு படி உரிமையாளரிடமும், ஒரு படி எங்கள் பகுதி நூலகத்திலும் இருக்கின்றன.

இதே பேட்டையில் இன்னொரு வீட்டுக்கு இப்போது மரம் விலைபேசிக்கொண்டிருக்கிறார்கள். உரிமையாளரிடம் பேசி அனுமதி வாங்கியாயிற்று, பத்திரமும் பார்த்தாயிற்று. அந்தக் கிணறு எல்லையில் இல்லை, மனையின் நட்டநடுவில், லிப்ட் குழி வரவேண்டிய இடத்தில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி இல்லை என்று பொறியாளர் சொல்லிவிட்டார். தூர்வாருவதற்கு முன் ஒரு வாரம் முன்கூட்டியே தகவல் தருவதாகக் கட்டுமானக்காரர் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி இப்போதே ஒரு கயிற்றேணிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.